மூக்கையாவின் பல் சொன்ன ஊர்கள்

மூக்கையாவின் பல் செட், அவர் வாயில் இல்லாத நேரத்திலும் ஏசியது. பகல் சாப்பாடு முடிந்ததும் ஈறு வலிக்கிறது என்று மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கிளாஸில் போட்டுவிட்டு அவர் தூங்கப் போவார். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை கிளாஸுக்குள் இருந்து குமிழி குமிழியாக ஏச்சு வரும். புசல்லாவைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்கடியில் நீளும் வீட்டு வரிசையில், இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. முதல் வாரம் பிள்ளைகள் வாசலில் கூடி நின்று கேட்டார்கள். இரண்டாம் வாரம் கூட்டம் கலைந்தது. வாய் ஏசியதைத்தான் பல்லும் ஏசியது, புதிதாக ஒன்றுமில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்த அழகம்மா மட்டும், "அக்கா, அந்தக் கிளாஸுக்கு ஒரு மூடி போடுங்க, எங்க வீட்டு ரேடியோ கேக்க மாட்டேங்குது" என்றாள்.

மூக்கையாவின் மனைவி பாப்பம்மா மூடி போடவில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம் அவள் புருஷனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை, அவருக்கு அடிக்கக் கை நீளும். பல்லுக்குக் கையில்லை. இது அவளுக்கு உறைக்க நாலு மாதம் ஆனது. உறைத்த அன்று கிளாஸுக்கு முன்னால் குந்தி, "பேசுனது போதும், மூடு" என்றாள். குமிழி ஒரு நொடி நின்றது. அதற்குப் பிறகு தினமும் அவள் பதில் சொன்னாள். சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் தீர ஒரு வருடம் பிடித்தது. தீர்ந்த பிறகு, ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது: சர்மிளா எங்கே?

சர்மிளா மூத்த மகள். 2003ஆம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், மூக்கையா அவளை ஒரு தரகரோடு வீட்டு வேலைக்கு அனுப்பினார். தீபாவளிக்கு வருவாள் என்றார். வரவில்லை. எந்த ஊர், யார் வீடு என்று பாப்பம்மா கேட்டபோது, "ஓடிப்போன கழுதைக்கு என்னாடி அட்ரஸு?" என்றார். இரண்டாவது முறை கேட்டபோது வாய் பேசவில்லை, கை பேசியது. அதோடு அந்தப் பெயரை வீட்டுக்குள் யாரும் சொல்வதில்லை. தம்பி யோகராஜுக்கு அக்காள் இருந்தாள் என்பதே மங்கலான ஞாபகம்தான்.

பல் லேசில் சொல்லவில்லை. ஒன்பது மாத ஏச்சுக்கு நடுவில் ஒருநாள் "தெல்தெனிய" என்று ஊர்ப் பெயர் சொன்னது. அடுத்த வருடம் "சந்தைக்குப் பின்னால" என்றது. அதற்கடுத்த வருடம் "செவப்பு கேட்டு" என்றது. கோயிலுக்கு நேர்த்தி என்று பொய் சொல்லி பாப்பம்மா பஸ் ஏறினாள். சந்தைக்குப் பின்னால் சிவப்பு கேட் எதுவும் இல்லை. ஒரு பச்சை கேட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், அடியில் சிவப்பு இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அந்த வீட்டுக்குப் புதியவர்கள். பழைய குடும்பம் வேலைக்காரப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டது, எங்கே என்று தெரியாது என்றார்கள். பாப்பம்மா திரும்பி வந்து கிளாஸுக்கு முன்னால் உட்கார்ந்து, "எங்க போனாங்க?" என்று கேட்டாள். பதினோரு மாதம் பல் ஏசியது. பிறகு ஏச்சை இடையிடையே நிறுத்தத் தொடங்கியது. யோசிக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் கத்தாரிலிருந்து யோகராஜ் வீடியோவில் வந்தான். அப்பாவின் பல் கிளாஸுக்குள் ஏசுவதை லயமே சொல்லிச் சிரிப்பது அவனுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. கண்டியில் தாடை எலும்பில் திருகாணி இறக்கி, பல் வரிசை முழுவதையும் அதில் பூட்டிவிடுகிறார்களாம்.

"கழட்டவே முடியாதுப்பா. சோளமே கடிக்கலாம்."

பாப்பம்மா எட்டிப் பார்த்து, "கழட்டிப் போடுறதே போதும் சாமி. வயசான காலத்துல எலும்புல ஓட்டை எதுக்கு?" என்றாள்.

"ஏம்மா இப்பிடிச் சொல்றீங்க?"

ஏன் என்று சொல்வதற்கு அவள் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். மூக்கையா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒங்கம்மாவுக்கு நான் பொக்க வாயோட சாகணும்டா" என்று அவர் சிரித்தார். மகனும் சிரித்தான்.

2023 பங்குனியில் மேலே நாலு, கீழே நாலு என்று திருகாணி இறக்கினார்கள். அன்றே தற்காலிகப் பல் வைத்தார்கள், ஐந்து மாதம் கழித்து நிரந்தரப் பல்லைப் பூட்டினார்கள். பழைய செட்டை வீசிவிடும்படி மூக்கையா சொன்னார். பாப்பம்மா அதைக் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் தண்ணீரில் போட்டு நாற்பது நாள் காத்திருந்தாள். குமிழி வரவில்லை. வாயில் இருந்து வராத பல்லுக்குச் சொல்ல ஒன்றுமில்லை போலும். புதுப் பல்லோடு மூக்கையா பகல் தூக்கத்தையும் விட்டுவிட்டு மூன்று மணி வரை ஏசினார்.

வருடத்துக்கு ஒருமுறை டொக்டர் மட்டும் பல் வரிசையைத் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்வார், அதற்கு நாற்பது நிமிடம் ஆகும் என்று கிளினிக் அட்டையில் இருந்தது. முதல் முறை போனபோது, பக்கத்து அறையில் ஸ்டீல் தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் கிடந்த பல் வரிசை ஏசுவது பாப்பம்மாவுக்குக் கேட்டது. எழுந்து உள்ளே போனாள். தாதி றலியா அவளைத் தடுக்கவில்லை, ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

"இருங்கம்மா. இங்க கழட்டுற பல்லெல்லாம் கொஞ்சம் பேசும்தான். ஒங்கட ஆள்ட பல்லுக்குத்தான் சத்தம் கூட."

பாப்பம்மா கேட்டாள். முப்பத்தெட்டாவது நிமிடம் பல், "பன்வில" என்றது. பிறகு டொக்டர் எடுத்துப் போய்ப் பூட்டிவிட்டார். பன்வில பக்கத்துத் தோட்டங்களில் அவள் மூன்று முறை தேடினாள். சர்மிளா என்ற, இடது புருவத்தில் தழும்புள்ள பெண்ணை யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் பல், "ரெண்டு புள்ள" என்றது. மகள் தாயாகியிருந்தாள். எங்கே என்று பாப்பம்மா கேட்பதற்குள் நேரம் முடிந்தது.

"இந்தப் பல்லு எத்தன வருசம் தாங்கும்?" என்று றலியாவிடம் கேட்டாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டா இருவது வருசம் ஈக்கும்மா. பாக்காட்டி திருகாணியச் சுத்தி எலும்பு கரைஞ்சு போகும், பொறகு எந்தப் பல்லும் நிக்காது."

அன்றிலிருந்து பாப்பம்மா காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுக்கிறாள். புருஷனை வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, சின்னத் தூரிகையால் ஒவ்வொரு இடுக்காகத் தேய்க்கிறாள். வெற்றிலையையும் பீடியையும் ஒளித்து வைக்கிறாள். கொப்பளித்துத் துப்பியதும் அவர் ஏசத் தொடங்குவார், அவள் தூரிகையைக் கழுவி வைப்பாள். புருஷனை இப்படிப் பார்த்துக்கொள்ள வேறு யாரால் முடியும் என்று லயத்தில் மெச்சிக்கொள்கிறார்கள். அடுத்த முறை ஆவணி இருபத்தொன்று, காலை பத்து மணி என்று அட்டையில் எழுதியிருக்கிறது.