வால் கூட்டுக்குள்

ஹார்லனின் விடுதிக்கு வந்திறங்கிய மறுநாள் காலை, எல்டனும் அவன் மனைவி நோரீனும் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சமையலறையிலிருந்து ஹார்லன் மடிக்கணினியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தார். முகம் சரியாக இல்லை.

"எல்டன், வெளிய நிக்கிறது நீங்களே கட்டின பிளேன்தானே? இந்தக் கம்பெனி பாகங்களை வாங்கிக் கட்டினதுதானா பாருங்க."

எல்டன் படித்தான். பிறகு அதை நோரீன் பக்கம் திருப்பாமல் மேசையில் வைத்தான். அதிலிருந்தே விஷயம் நல்லதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தானே எட்டி இழுத்துப் பார்த்தாள். நெவாடாவில் இதே மாதிரி விமானம் ஒன்றின் வால் நடுவானில் பிய்ந்துபோயிருந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்துவிட்டார்கள். வால் சிறகு உடம்போடு சேரும் இடத்தை உள்ளே போய்ப் பார்க்காமல் யாரும் பறக்க வேண்டாம், விரிசல் இருந்தால் இரண்டு பக்கமும் தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும் என்று கம்பெனி எழுதியிருந்தது.

"அவன் எப்படி ஓட்டினானோ யாருக்குத் தெரியும்," என்றான் எல்டன். "எங்கயாவது தலைகீழா குட்டிக்கரணம் போட்டிருப்பான். நம்மளுது கல்லு மாதிரி இருக்கு."

"நேத்து அந்த மலை முகட்டுல தூக்கித் தூக்கிப் போட்டுச்சே, ஞாபகம் இருக்கா?"

"அது காத்து, நோரீன்."

"எனக்குத் தெரியாதா காத்துன்னு? அந்தக் காத்து எதைப் பிடிச்சு ஆட்டுச்சுன்னுதான் கேக்குறேன்."

விடுதி இருந்த பள்ளத்தாக்குக்கு ரோடு கிடையாது. ஒரு பக்கம் சால்மன் ஆறு, மற்ற எல்லாப் பக்கமும் மலை. வாரத்துக்கு ஒருமுறை தபால் விமானம் வரும். வந்தவர்கள் வந்த வழியே பறந்துதான் போக வேண்டும்.

வால் கூட்டுக்குள் போகக்கூடிய ஆள் நோரீன் ஒருத்திதான். பாய்ஸி நகரில் தங்கள் வீட்டுக் கராஜில் விமானத்தைக் கட்டிய வருடங்களில் எல்டன் வெளியே நின்று காற்றழுத்தத் துப்பாக்கியால், தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணிகளை அடிப்பான். உள்ளே படுத்து மறுமுனையில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பது அவள் வேலை. எல்டனின் தோள் கூட்டின் வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். குறுகிய இடம் என்றாலே நோரீனுக்கு ஆகாது. மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் குழாயிலிருந்து பாதியில் எழுந்து ஓடி வந்தவள். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருந்தாள். கடைசி ரிவெட் அடித்த அன்று, செத்தாலும் இனி இதற்குள் போகமாட்டேன் என்று கத்திக்கொண்டே வெளியே வந்தாள்.

"நான் வேணா கண்ணாடியைக் கம்பில கட்டி உள்ள விட்டுப் பாக்குறேன்," என்றான் எல்டன்.

"கண்ணாடில முடி மாதிரி விரிசல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன?"

இருக்கைக்குப் பின்னால் இருந்த தடுப்பைக் கழற்றினார்கள். அந்த விமானம் வாலைத் தரையில் வைத்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் வகை. அதனால் தலைகீழாகச் சரிந்துதான் உள்ளே போக வேண்டும். நோரீன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கைகளை முன்னால் நீட்டி நுழைந்தாள். காலை வெயிலில் தகடு சூடேறியிருந்தது. போகப்போகக் கூடு குறுகியது. முதலில் முழங்கை இடித்தது, பிறகு தோள், பிறகு மூச்சை இழுத்தால் முதுகு மேலே முட்டியது. ரத்தம் தலைக்கு இறங்கிக் காது அடைத்தது.

எல்டன் அவள் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டான்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"விட்டே, கொன்னுடுவேன்."

"நீ வெளிய வந்தாத்தானே கொல்ல முடியும்?"

இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இடது பக்க இணைப்பைத் துடைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. வலது பக்கம் திரும்ப இடமில்லாமல் கழுத்தை மட்டும் முறுக்கினாள். இணைப்புப் பட்டை வளையும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று. தன் தலைமுடிதான் உதிர்ந்து ஒட்டிக்கொண்டது என்று நினைத்து விரலால் தள்ளினாள். நகரவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தாள். அப்படியே இருந்தது. நகத்தால் குறுக்கே கீறிப் பார்த்தாள். நகம் அதில் தடுக்கியது.

அவள் உடம்பில் இருந்த சூடெல்லாம் எங்கோ போய்விட்டது. நேற்று இரண்டு பேரும் இதில்தான் மலை தாண்டி வந்தார்கள். அவள் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். அந்த நேரமெல்லாம் இந்த விரிசல் திறந்து மூடித் திறந்து மூடி இருந்திருக்கிறது.

"எல்டன், இழு."

"என்ன ஆச்சு?"

"இழுடான்னா இழு!"

வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தாள். விரிசல் இவ்வளவு என்று விரல் நகத்தின் நீளத்தைக் காட்டினாள். எல்டன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். காற்றைப் பற்றியோ நெவாடாக்காரன் ஓட்டிய விதத்தைப் பற்றியோ அதன் பிறகு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஹார்லன் தபால் விமான ஓட்டி ரெனேவுக்குத் தகவல் அனுப்பினார். அடுத்த நடையில் முட்டை, காபித்தூள், கடிதங்களோடு, கம்பெனி சொன்ன கனத்தில் தகடும் ஒரு பை நிறைய ரிவெட்டும் அவற்றை அடிக்கும் கருவிகளும் வந்தன. ரெனே மூட்டையை இறக்கிவிட்டு வாலைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் என்கூடவே வந்துடுங்களேன். பிளேன் இங்கயே கிடக்கட்டும். கழுத்து ஒண்ணுதான் இருக்கு."

"பனி விழுந்தா இது நசுங்கிடும், ரெனே," என்றான் எல்டன். "சரி பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்றோம்."

ரெனே நோரீனைப் பார்த்தாள். எல்டன் சொன்னதற்கே நோரீன் தலையாட்டினாள். ஏன் ஆட்டினோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள்.

டயருக்குக் காற்றடிக்க ஹார்லன் வைத்திருந்த கம்ப்ரசரில் ரிவெட் துப்பாக்கியை மாட்டினார்கள். விரிசலின் முனையில் சின்னத் துளை போட்டு அது மேலே ஓடாமல் நிறுத்தினார்கள். பழைய ரிவெட்டுகளைத் துளைத்து எடுத்து, தகட்டை வெட்டி, தேய்த்து, பொருத்தினார்கள். பிறகு நோரீன் இரும்புக் கட்டியோடு உள்ளே போனாள். இந்த முறை எல்டன் வெளியே வாலருகில் நின்று அடிக்க வேண்டும். அவள் கால்களைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

ஒவ்வொரு அடிக்கும் கூடு முழுவதும் பறை மாதிரி அதிர்ந்தது. நான்கைந்து ரிவெட்டுகள் நன்றாகப் போயின. அடுத்ததற்குக் கையை நகர்த்தியபோது சட்டைக் கை ஒரு போல்ட் முனையில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. நெற்றி விளக்கு நழுவிக் கழுத்துக்குக் கீழே போனது. கண்முன் இருட்டு.

"நிறுத்து! எல்டன், நிறுத்து!"

துப்பாக்கிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. பின்னால் போக முயன்றாள். தலைகீழ்ச் சரிவில் உடம்பு இன்னும் உள்ளேதான் இறங்கியது. மூச்சு வெளியே போனது, திரும்ப உள்ளே வரவில்லை. தான் கத்துகிறோமா, கத்துவதாக நினைக்கிறோமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த இரும்பால் தகட்டை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

துப்பாக்கி நின்றது. ஓடி வரும் காலடிச் சத்தம். பிறகு கணுக்காலில் அவன் கை.

"பிடிச்சுட்டேன். நோரீன், பிடிச்சுட்டேன். மெதுவா. எங்க மாட்டியிருக்கு?"

"சட்டை... சட்டை..."

"கிழிச்சுக்கோ. கேவலமான சட்டை அது, நானே எரிக்கணும்னு இருந்தேன். கிழி."

கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள். புல்லில் குப்புறப் படுத்து மண்ணைப் பிடித்துக்கொண்டாள். எல்டன் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினான். போதும், விட்டுவிடலாம், அடுத்த நடையில் ரெனேவோடு போய்விடலாம் என்றான். அவள் எழுந்து உட்கார்ந்து, ஹார்லனிடம் கையில்லாத பனியன் ஒன்றைக் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். ஹார்லனைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனாள். இடது பக்கத்துக்கும் தகடு வைத்து முடித்தார்கள்.

காற்றில்லாத ஒரு காலையில் எல்டன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். தனியாகக் கொண்டுபோவதாகவும், நோரீன் ரெனேவோடு வர வேண்டும் என்றும் பேச்சு. எஞ்சின் சூடாகும்வரை விமானம் நகராமல் நின்றது. அதற்குப் பிறகும் நின்றது. பிறகு எஞ்சின் அணைந்தது.

நோரீன் போய்ப் பார்த்தபோது அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்னால முடியல," என்றான். "நீயாவது உள்ள போய்ப் பாத்த. நான் உன் பாதத்தை மட்டும்தான் பாத்தேன். கண்ணை மூடினா அந்த நெவாடாக்காரங்கதான் வர்றாங்க."

"எனக்கு மட்டும் பயமில்லையா?"

"இருக்கும். ஆனா உனக்கு என்ன இருக்குன்னு தெரியும்."

அவளுக்கும் உரிமம் இருந்தது, அவனளவு பழக்கம் இல்லை. இறங்கு, நான் கொண்டுபோகிறேன் என்றாள். அவன் இறங்காமல் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தான்.

"ரிவெட் எல்லாம் நான் அடிச்சது. உன்னைத் தனியா அனுப்பிட்டு நான் கீழ நின்னு பாக்கணுமா? அது இதைவிட மோசம்."

அவர்கள் புல்லை விட்டு எழும்பினார்கள். நோரீன் மிக மெதுவாகவே பறந்தாள். ஓட்டும் பிடியில் வரும் ஒவ்வொரு சின்ன அதிர்வும் முழங்கைவரை ஏறியது. வால் பின்னால் இருக்கிறது, எட்டிப் பார்த்தாலும் தெரியாது என்று தெரிந்தும் தலை தானாகத் திரும்பியது. முகட்டை நெருங்கியபோது கீழிருந்து காற்று ஒரு குத்து விட்டது. பின்னால் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். நோரீன் பெடலை லேசாக அழுத்தினாள். மூக்கு திரும்பியது. பிடியை இழுத்தாள். எழும்பியது. வால் இருந்தது.

"என்ன சத்தம் அது?" என்றாள்.

"நம்ம துணிப்பெட்டி சரிஞ்சிருக்கும்," என்றான் எல்டன்.

மலைக்கு அந்தப் பக்கம் இருந்த மெக்கால் ஊரின் ஓடுதளத்தில் சக்கரம் தொட்டு வேகம் அடங்கியதும், ஓரமாக நிறுத்தும்வரைகூட எல்டன் பொறுக்கவில்லை. கதவைத் திறந்து, வேலியோரம் போய் வாந்தி எடுத்தான். நோரீன் தடுப்பைக் கழற்றினாள். பெட்டி சரிந்துதான் கிடந்தது. ஆனாலும் விளக்கைக் கட்டிக்கொண்டு, யாரையும் காலைப் பிடிக்கச் சொல்லாமல், உள்ளே இறங்கினாள்.

தகடுகள் வைத்த இடத்தில் இருந்தன. அவள் பயந்து நடுங்கிக்கொண்டு பிடித்த வரிசை ஒழுங்காக இருந்தது. மறுபக்கம், நிதானமாக அடித்த வரிசையில், ஒரு ரிவெட்டைச் சுற்றிப் புகை படிந்ததுபோலக் கறுப்பாக ஒரு தீற்றல். ரிவெட் தளர்ந்து தகட்டோடு உராய்ந்தால் வரும் பொடி அது. ஒரே ஒரு பறப்பில் வந்திருந்தது.

வெளியே வந்து கறுத்த விரலை எல்டனிடம் நீட்டினாள்.

"ஒண்ணுதானா?" என்றான்.

"இப்போதைக்கு ஒண்ணு."

அங்கிருந்து பறந்தால் பாய்ஸிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவர்கள் பறக்கவில்லை. சிறகுகளைக் கழற்றி, ஒரு டிரக்கையும் டிரெய்லரையும் வாடகைக்கு எடுத்து, விமானத்தைப் போர்வைகளால் கட்டி ஏற்றினார்கள். டிரக்கை நோரீன்தான் ஓட்டினாள். மலைச்சாலையின் வளைவுகளில் பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்தன. அவள் வேகத்தைக் கூட்டவில்லை. எல்டன் ஒருமுறைகூடக் கூட்டச் சொல்லவில்லை.