ஆஞ்சலா பவுடர் போட்டு வந்தாள்

1

முழங்கையில் எனக்கு ஓர் அரிப்பு. சத்தியமாக இந்தக் கதை அதில்தான் பிறந்தது. பிரேசர் டவுன் தோல் டாக்டர் என் கையைத் திருப்பிப் பார்த்து, "இது ஒண்ணுமில்ல சார்" என்றார். பிறகு நான் கேட்காமலே, பேர் ஊர் சொல்லாமல், வேறொரு பேஷண்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஓரிடத்தில் நிறுத்திவிட்டார். பெயர்களும் சில்லறை விவரங்களும் நான் இட்டுக்கட்டியவை.

(டாக்டருக்குத் தாரணி என்று பெயர் வைத்திருக்கிறேன். நேரில் 'அவர்', கதைக்குள் 'அவள்'தான். மரியாதை பார்த்துக்கொண்டிருந்தால் கிட்டே போக முடியாது.)

2

அன்று பெங்களூரில் அடைமழை. தாரணியின் மனதிலும்...

சீ, வேண்டாம். அன்று சுள்ளென்று வெயில்.

ஆஞ்சலாவுக்கு நாற்பத்தெட்டு வயது. தொம்மலூரில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விரல் முட்டிகளின் மேல் சிவப்பாகத் தடிப்புகள்.

"ஸ்வல்ப அரிப்பு மேடம். ஒரு ஆயின்மென்ட் குடுத்தா போதும்."

தாரணி கையை மட்டும் பார்த்தாள். தரை துடைக்கிற கை, நாள் முழுக்க பினாயில். "சோப்பு அலர்ஜிம்மா. கிளவுஸ் போட்டுக்குங்க." இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தபோது ஆயின்மென்ட்டை மட்டும் மாற்றினாள்.

3

இதை அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஐடி பெண்கள் வந்தால் தாரணியின் முதல் வார்த்தையே, "மேக்கப்பைக் கழுவிட்டு வாங்க." அதற்கென்றே வாஷ்பேசினில் ஃபேஸ்வாஷ் வைத்திருக்கிறாள். ஆஞ்சலாவிடம் மட்டும் சொல்லவில்லை. தரை துடைக்கிறவள் முகத்தில் கழுவ என்ன இருக்கப்போகிறது என்று...

(இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

ஆனால் ஆஞ்சலாவுக்கு டாக்டரிடம் போவதும் சர்ச்சுக்குப் போவதும் ஒன்றுதான். இருப்பதில் நல்ல புடவை, முகம் நிறைய பவுடர்.

4

நாலாவது மாதம்.

"தலை வாரக் கையைத் தூக்க முடியல மேடம். பக்கத்து வீட்டு உஷாதான் பின்னி விட்டா." சொல்லும்போதே அழுதுவிட்டாள். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். பவுடர் கலைந்தது. இரண்டு இமையிலும் கத்தரிப்பூ நிறம்.

தாரணி கிட்டே குனிந்து பார்த்தாள். இமையில் இந்த நிறம், விரல் முட்டியில் அந்தத் தடிப்பு, தூக்க முடியாத கை. டெர்மட்டோமயோசைட்டிஸ். தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் அபூர்வ நோய். இந்த வயதில் வந்தால், உள்ளே எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று தேடியாக வேண்டும்.

தேடினார்கள். சினைப்பையில் இருந்தது. வயிறெல்லாம் பரவியிருந்தது. நாலு மாதம் முன்னால் தேடியிருந்தால்? தெரியாது. தாரணிக்கும் தெரியாது, அதுதான் அவளைத் தின்றது.

5

முடிவு ஒன்று: ஆஞ்சலா பிழைத்து, கிறிஸ்துமஸுக்கு கேக் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு... (பொய். கிழித்துப் போட்டேன்.)

முடிவு இரண்டு: கல்லறைத் தோட்டத்தில் தாரணி தனியாக... (நிஜ ஆஞ்சலா இன்னும் உயிரோடு இருக்கிறாள். எனக்கென்ன அவசரம்?)

இரண்டும் ஒழிந்தால் என்னிடம் இருப்பது ரிப்போர்ட் வந்த நாள் மட்டும். அன்று யாரும் சொல்லாமலே ஆஞ்சலா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு பொட்டுப் பவுடர்கூட இல்லை.

"நர்சம்மா சொல்லிச்சு மேடம், பவுடர்ல மறைஞ்சிடுச்சாமே. உங்க முன்னாடி அசிங்கமா வந்து நிக்கக் கூடாதுன்னுதான் போட்டேன்." குரல் இறங்கியது. "என்னாலதான் லேட்டாயிடுச்சு, இல்ல?"

தாரணி பேசாமல் தலையாட்டினால் போதும். பழி அங்கேயே முடிந்துவிடும், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. 'நான்தான் பார்க்கல' என்றால், ஆஞ்சலா கடவுளுக்கு அடுத்தபடி நம்பிய ஆள் அவளுக்கு இல்லாமல் போவாள்.

டாக்டர் என்னிடம் நிறுத்தியது இந்த இடத்தில்தான். என் முழங்கையைப் பிடித்தபடியே அழுதார். என்ன சொன்னீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இட்டுக்கட்டவும் வரவில்லை.

அதனால் அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். ஆஞ்சலா கழுவிய முகத்தோடு எதிரே இருக்கிறாள். என்னாலதானா என்று கேட்கிறாள்.

சொல்லுங்கள்.