ஏழாம் நம்பர் மெஷின்

“மெயினை ஆஃப் பண்ணுங்க சார்.”

கிளாஸ் நடக்கும்போது இதை மட்டும் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சேஷகிரி சொல்லியிருந்தார். கேட்டேன். காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டு மாடியில் அவர் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டரில் நான் லேப் அசிஸ்டெண்ட். பன்னிரண்டு மெஷின். மறுநாளிலிருந்து ஒரு பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் படிக்க வருவதாக ஏற்பாடு.

“பேட்ச் ஓடுதும்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“எல்லம்மாவுக்குக் கை இன்னும் மரத்துப் போயிருக்கு. அவங்களையும் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லவா?”

எல்லம்மா எங்கள் நீலசந்திரா ஏரியாவிலிருந்து பெருக்கித் துடைக்க வருகிறவர். காலையில் ஈரத் துணியோடு ஏழாம் நம்பர் மெஷினின் பின்பக்கத்தைத் தொட்டிருக்கிறார், கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. இப்போது வராந்தாவில் உட்கார்ந்து விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷமாகவே இங்கே எல்லோருக்கும் சுர்ரென்று அடிக்கிறது. சேஷகிரியிடம் அதற்கு மருந்து உண்டு: உடம்புச் சூடு, மோர் குடி. செருப்பை வெளியே விட வேண்டும் என்பது சென்டரின் சட்டம். தூசிக்காக ஆரம்பித்தது. செருப்பில் வைரஸ் வருமா என்று போன பேட்சில் ஒரு பெண் கேட்டபோது, “வரும், வரும்” என்று தலையாட்டிய அறிவாளி இவர். அதனால் எல்லோரும் ஈரம் காயாத மொசைக் தரையில் வெறுங்காலோடு பயபக்தியாக உட்கார்ந்து டைப் அடிப்பார்கள். ஷூவோடு உள்ளே வருகிறவர் அவர் ஒருவர்தான்.

காலையிலேயே சோதித்திருந்தேன். ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். பிளக் பாயிண்டின் கீழ் ஓட்டைகள் இரண்டிலும் செருகினால் பளிச்சென்று எரிந்தது. ஒன்றை எடுத்து மேலே இருக்கிற எர்த் ஓட்டைக்கு மாற்றினேன். எந்தப் பக்கத்து ஒயரை மாற்றினாலும் எரியவில்லை. பன்னிரண்டிலும் அதே கதை. எர்த் இருந்தால் ஒரு பக்கமாவது எரிந்திருக்கும். கசிகிற கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லை, தொடுகிற ஆள் வழியாகத்தான் போகும்.

நானே போய் மெயினை இறக்கினேன். பன்னிரண்டு திரையும் இருண்டன. “ஐயோ, சேவ் பண்ணலை!” என்று யாரோ அலறினார்கள்.

பாடம் எடுத்துக்கொண்டிருந்த டொமினிக் எழுந்தார். “என்ன வீணா, சொல்லிட்டுச் செய்யக் கூடாதா?”

“சொல்லிட்டுத்தான் செஞ்சேன். உங்க முதலாளி காதுல விழலை.”

பிளக் பாயிண்டைக் கழற்றினேன். எர்த்துக்கான பச்சை ஒயரை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, டேப் சுற்றி, சுவருக்குள் தள்ளியிருந்தார்கள்.

“எர்த் எங்க சார்?”

“அதுக்குத் தோட்டத்துல குழி தோண்டணும். வீட்டு ஓனர் ரோஜாச்செடி வெச்சிருக்கார், ஒத்துக்கலை.”

அப்படியானால் ஆளுக்குத் தெரியும். ரோஜாவுக்கு நோகக் கூடாதென்று எங்களுக்கு மோர் ஊற்றியிருக்கிறார்.

மேஜை டிராயரிலிருந்து ஒரு பேப்பரை எடுத்து நீட்டினார். “இதுல ஒரு சைன் போடும்மா. கரண்ட் லைனெல்லாம் செக் பண்ணியாச்சுன்னு ஹார்டுவேர் இஞ்சினியர் எழுதித் தரணுமாம். ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் கேக்கறாங்க.”

ஒரு வருஷமாக லேப் அசிஸ்டெண்ட். பொய்க்கு ஆள் தேவைப்பட்டதும் இஞ்சினியர்.

“ஷூவையும் சாக்ஸையும் கழட்டுங்க சார். மெயினைப் போடறேன், ஏழாம் நம்பரை ஒரே ஒரு தடவை தொடுங்க. உடனே சைன் போடறேன்.”

அவர் தன் காலைப் பார்த்தார். அப்புறம் டொமினிக்கைப் பார்த்தார். டொமினிக் இருண்ட திரையில் எதையோ ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“உங்க வீட்டுல நீதான் மொதல் டிகிரின்னு பாவம் பாத்து வேலை குடுத்தேன் பாரு!”

“பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் சார். அதுல யாரும் பாவம் பாத்து மார்க் போடலை.”

பேப்பரை வாங்கினேன். அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, ‘எந்தப் பாயிண்டிலும் எர்த் இல்லை. ஒருவருக்குப் பலமாக ஷாக் அடித்திருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

“அத இங்க வை!”

“ஹெட்மிஸ்ட்ரஸ்தானே கேட்டாங்க? நானே குடுத்துக்கறேன்.”

வராந்தாவில் எல்லம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்.

“எங்க பாப்பா?”

“மொதல்ல டாக்டர். அப்புறம் ஸ்கூல்.”

“உன் வேலை?”

அவரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படி இறங்கிய பிறகுதான், இனி வேலைக்கு வரவே வேண்டாம் என்று மேலேயிருந்து கத்த சேஷகிரிக்குத் தோன்றியது.