காவல் பெட்டியின் இரண்டாவது கார்டு

ராஜமேரி அந்தக் கம்ப்யூட்டரை வீட்டிலேயே கட்டினாள். வாங்கவில்லை, கட்டினாள். ஒரு தடவை கேபினெட், ஒரு தடவை மதர்போர்டு, ஒரு தடவை யாரோ கழித்துப்போட்ட மானிட்டர் என்று பெங்களூருக்கு நடையாய் நடந்து, ஒவ்வொன்றையும் பச்சைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கம்பைநல்லூர் கொண்டுவந்து சேர்த்தாள். எண்பத்தொன்பதாம் வருடம் அது. ஊரில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்ததில்லை. மீதிப் பேர் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கட்டச் சொன்னவர் நஞ்சப்பன். கிருஷ்ணகிரி ரோட்டில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருப்பவர். அவரிடம் ஏற்கெனவே இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்று வாசல் கேட்டில், லாரி எடை போடும் இடத்தில். இன்னொன்று ஆபீசுக்குள், யாருக்கு என்ன விலை என்கிற ரகசியம் எல்லாம் அதில். இரண்டுக்கும் நடுவே எடைச்சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட ஓர் ஆள்.

"கேட்டுல போடற எடை தானா ஆபீசுக்கு வந்திரணும். ஆபீசுல இருக்கிறது ஒண்ணுகூட கேட்டுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா புரோக்கருங்க காதுக்குப் போயிரும். முடியுமாம்மா?" என்று கேட்டார்.

"முடியுங்க" என்று சொல்லிவிட்டாள். எப்படி முடியும் என்பதை பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தாள்.

நடுவில் மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர். அதில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள். ஒரு கார்டிலிருந்து கேட்டுக்கு ஒயர், இன்னொன்றிலிருந்து ஆபீசுக்கு ஒயர். நடுவில் இருப்பது எடையை மட்டும் உள்ளே விடும், வேறு எதையும் வெளியே விடாது. காவல் பெட்டி என்று அதற்குப் பேர் வைத்தாள். மாங்காய் சீசன் தொடங்குவதற்குள் அது வேலை செய்தால் ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் ரூமுக்கு ராஜமேரிதான் இன்சார்ஜ், குடியிருக்க குவார்ட்டர்சும் உண்டு. வேலை செய்யாவிட்டால் பெங்களூர் கம்பெனிக்காரன் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். நஞ்சப்பன் இதை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லியிருந்தார்.

அவளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, கல்யாணம் ஆனதும் விட்டுவிட்டு வந்தவள். அந்த டிப்ளமோ பீரோவில் முகூர்த்தப் புடவைக்கு அடியில் கிடந்தது. புடவையாவது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வந்தது.

புருஷன் சவுரியப்பன் கடலை மண்டியில் எழுத்து வேலை பார்த்தான். இந்த விஷயத்தில் அவனைப்போல ஒரு மனுஷன் உண்டா என்று அவள் தன் அக்காளிடம் பெருமையடித்திருக்கிறாள். ஒரு நாளும் அவன் வேண்டாம் என்று சொன்னதில்லை. "செய்யி மேரி, நீ செய்யாம யாரு செய்வா?" என்பான். நெல் மூட்டை கிடந்த உள்ளறையை அவனே காலி செய்து கொடுத்தான். அவள் பெட்டியைத் திறந்து குனிந்தால் அவன் டார்ச் பிடிப்பான். கார்டோடு வந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கம்பியில் எது என்று வாசித்துச் சொல்வான்.

அந்தக் கார்டுகளில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கம்பிகள் நிற்கும். அவற்றின் மேல் எள்ளு மாதிரி ஒரு கறுப்புத் தொப்பி. தொப்பி எந்தக் கம்பியில் இருக்கிறதோ அதுதான் கார்டின் நம்பர். இரண்டு கார்டுக்கும் இரண்டு நம்பர் வைக்க வேண்டும்.

"ரெண்டுக்கும் ஒரே நம்பர் வெச்சிட்டா என்னாவும்?" என்று ஒரு நாள் சவுரியப்பன் கேட்டான்.

"ஒரு வகுப்புல ஒரே பேருல ரெண்டு பசங்க இருந்தா? வாத்தியார் கூப்பிட்டா ரெண்டும் எந்திரிக்கும், ரெண்டும் கத்தும், அவருக்கு ஒண்ணும் விளங்காது. அப்படித்தாங்க. ஒரு கார்டு இல்லவே இல்லைன்னு கம்ப்யூட்டர் சொல்லிரும்."

"இம்மாத்தூண்டு தொப்பியிலயா இவ்வளவும் இருக்குது?" என்று அவன் வியந்தான். புருஷன் தன் வேலையைப் பற்றிக் கேள்வி கேட்கிறானே என்று அவளுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. எந்தத் தொப்பி, எந்தக் கம்பி என்று தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டபோது, இரண்டு கார்டும் இருக்கின்றன என்று பச்சை எழுத்தில் வந்தது. ராஜமேரி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு முனியம்மாள் ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அன்றைக்குக் கேசரி கிண்டி அந்தத் தெருவுக்கே கொடுத்தாள். புதன்கிழமை பெட்டியைக் கொண்டுவருவதாக நஞ்சப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் மொரப்பூருக்குப் போய், ரயிலில் வந்த அக்காளைப் பார்த்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை காலையில், கட்டுவதற்கு முன் எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சுவிட்சைப் போட்டாள். இரண்டாவது கார்டு இல்லை.

இல்லை என்றால் இல்லைதான். கார்டு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிக்கிறது. கழற்றித் துடைத்து மாட்டினாள். இடம் மாற்றி மாட்டினாள். ஃபிளாப்பியில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினாள். கரண்ட் கூடக்குறைய வருகிறதோ என்று ஸ்டெபிலைசரை மாற்றினாள். கறுப்புத் தொப்பியை மட்டும் அவள் உற்றுப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சரியாக இருந்த தொப்பி தானாக எழுந்து நடக்குமா என்ன?

நஞ்சப்பனிடம் ஆள்விட்டுத் தவணை கேட்டாள். பங்குனி முடிவதற்குள் வராவிட்டால் பெங்களூருக்குச் சொல்லிவிடுவேன் என்று பதில் வந்தது.

இந்த இடத்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து, வேறு எந்த ஊர் இன்ஜினியரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார்கள். காணாமல் போன பொருளுக்கு அந்தோணியார்தான் என்பது அவர்கள் ஜனங்களுக்குப் பாலோடு புகட்டியது. தொலைந்த மாடு, தொலைந்த கம்மல், ஓடிப்போன மகன் எல்லாவற்றையும் அவர் தேடிக் கொடுப்பார். கம்ப்யூட்டர் கார்டைக் காணோம் என்கிறது, ஆக அதுவும் தொலைந்த பொருள்தான். செவ்வாய்க்கிழமைதோறும் ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து, பூசைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றலாம் என்று யோசனை சொன்னவன் சவுரியப்பன்தான்.

முதல் செவ்வாய் போனார்கள். மெழுகுவத்தியை அவனே ஏற்றினான். "அந்தோணியாரே, எங்க மேரியோட கார்டைத் தேடிக் குடுங்க" என்று வாய்விட்டு மன்றாடினான். பக்கத்தில் முட்டிபோட்டிருந்த அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு சாமியார் மந்திரித்துத் தரும் அப்பமான நன்மையை வாங்க எல்லோரும் எழுந்து அவர் முன்னால் வரிசையில் நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் சவுரியப்பன் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்தபடி இருந்த இடத்திலேயே இருந்தான்.

"ஏங்க வரல?" என்று வழியில் கேட்டாள்.

"வரும்போது மறந்தாப்பில டீ குடிச்சிட்டேன் புள்ள, வெறும் வயித்துலதானே நன்மை வாங்கணும்" என்றான்.

அடுத்த செவ்வாயும் அவன் எழுந்திருக்கவில்லை. வயிறு சரியில்லை என்றான். நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் மண்டியில் வேலை என்று வராமல் இருந்திருந்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட நன்மை வாங்காமல் இருந்தவன் இல்லை அவன். அவளுக்கு மனசில் ஏதோ நெருடியது. ஆனால் கார்டு கவலையில் அதற்குமேல் யோசிக்கவில்லை.

மறுநாள் அந்த இரண்டாவது கார்டைப் பெங்களூருக்கே எடுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் தன் மிஷினில் மாட்டிக் காட்டினார். அருமையாக வேலை செய்தது. "கார்டு நல்லாத்தான் இருக்குதும்மா, உங்க பெட்டியைப் பாருங்க" என்றார். ஊர் திரும்பி, வியாழக்கிழமை பெட்டியில் இந்தக் கார்டை மட்டும் மாட்டினாள், இருக்கிறது என்றது. இதைக் கழற்றி அந்தக் கார்டை மட்டும் மாட்டினாள், அதுவும் இருக்கிறது என்றது. இரண்டையும் சேர்த்து மாட்டினால் ஒன்றைக் காணோம். தனித்தனியே நல்ல பிள்ளைகள், சேர்ந்தால் சண்டை.

ஒரே பேரில் இரண்டு பசங்கள்.

ராஜமேரி இரண்டு கார்டையும் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டிலும் தொப்பி ஒரே கம்பியில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது கார்டின் தொப்பி அவள் வைத்த இடத்திலிருந்து ஒரே ஒரு கம்பி தள்ளி இருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்து நகர்த்தினால்தான் அது நகரும்.

நானேதான் மாற்றி வைத்தேனோ என்று முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை இரண்டும் எப்படித் தெரிந்தன? பிறகு யார் தொட்டது? அந்த ஞாயிறுக்கும் புதனுக்கும் நடுவில், மொரப்பூருக்குப் போன திங்கட்கிழமையைத் தவிர அவள் வீட்டைவிட்டு நகரவில்லை. இந்தத் தொப்பி என்று ஒன்று இருப்பதே இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி அவள்.

அப்போதுதான் நன்மை வாங்காமல் குனிந்திருந்த அந்தத் தலை அவள் கண்ணில் வந்து நின்றது. அவர்கள் வேதத்தில் பெரிய பாவத்தை மனசறிந்து செய்தவன், சாமியார் காதில் சொல்லி மன்னிப்புப் பெறாமல் நன்மை வாங்கக் கூடாது. வாங்கினால் அது முதல் பாவத்தைவிடக் கொடியது. சவுரியப்பன் அதற்குப் பயந்திருக்கிறான். டீயும் இல்லை, வயிற்றுவலியும் இல்லை. ராஜமேரிக்கு நெஞ்சு எரிந்தது. அழுகைகூட வரவில்லை. அடப்பாவி, என் பக்கத்தில் முட்டிபோட்டு, என் கார்டைத் தேடிக் கொடு என்று கேட்டாயே, அதை எப்படிக் கேட்டாய்?

தொப்பியை நகர்த்தினாள். கார்டுகளை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். இரண்டும் இருந்தன. இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

சாயங்காலம் மண்டியிலிருந்து வந்தவனை உள்ளறைக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். பச்சை எழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே சிரித்தான். "பாத்தியா, அந்தோணியார் கைவிடல!"

"அந்தோணியாரை விடுங்க. தொப்பியை ஏன் நகர்த்தினீங்க?"

அவன் எந்தத் தொப்பி என்றான். பிறகு கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு அழ ஆரம்பித்தான்.

"மண்டியில கேலி பண்றானுங்க மேரி. பொண்டாட்டி குவார்ட்டர்சுக்குப் பொட்டி தூக்கினு போறவன்றானுங்க. நீ பெரிய ஆளாயிட்டா என்னை யாரு மதிப்பா? கொஞ்ச நாள் தள்ளிப்போனா நீயே விட்டுருவேன்னு நெனச்சேன்."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சண்டை போட்டிருக்கலாமே. செய்யி செய்யின்னு டார்ச்சு பிடிச்சிட்டு, நான் சொல்லிக் குடுத்ததை வெச்சே என் கழுத்தை அறுத்தீங்களே."

"சனிக்கிழமை போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணிர்றேன் புள்ள. சாமியார் என்ன அபராதம் குடுத்தாலும் செய்யறேன்."

அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. "சாமிக்கு முன்னால பொய்யா நிக்கப் பயந்தீங்க. என் முன்னால நிக்கறதுக்குப் பயமே இல்லையா? நான் சோறு போட்டேன், பக்கத்துல படுத்தேன், உங்களுக்கு வயித்து வலின்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன். நான் அவ்வளவு எளப்பமாப் போயிட்டேனா?"

அவன் எழுந்து வெளியே போனான்.

வெள்ளிக்கிழமை பெட்டியைக் கட்டினாள். மானிட்டரை நான் தூக்கி வருகிறேன் என்று அவனாக வந்து நின்றான். அவள் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பெண்கள் பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஃபேக்டரியில் ஒயர்களை மாட்டி முடித்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கேட்டில் காலி லாரி ஒன்றை ஏற்றி எடை போட்டார்கள். ஆபீசில் நஞ்சப்பன் உட்கார்ந்திருந்த இடத்தில் எடை தானாக வந்து நின்றது. அவர் விடவில்லை. தானே கேட்டுக்கு நடந்துபோய், அங்கிருந்த ஆளைவிட்டு ஆபீஸ் விலைகளைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார். அவன் என்னென்னவோ தட்டினான். ஒன்றும் வெளியே வரவில்லை. நஞ்சப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"பெங்களூர்க்காரன் கெடக்கறான். இனி கம்ப்யூட்டர் ரூம் உன்னுதும்மா. குவார்ட்டர்ஸ் சாவியை இன்னைக்கே வாங்கிக்க." அப்போதுதான் ஓரமாக நின்றிருந்த சவுரியப்பனைப் பார்த்தார். "இவருதான் வூட்டுக்காரரா? என்ன வேலை பாக்கறீங்க?"

"கடலை மண்டியில எழுத்து வேலைங்க."

"அட, எடை எழுதற ஆளா! கேட்டுக்கு நான் ஆளுதானே தேடிக்கிட்டு இருக்கறேன். இப்ப இருக்கறவன் சரியில்ல. நீங்களே வந்திருங்களேன், ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கலாம். என்னம்மா சொல்ற? நீ சரின்னா நாளைக்கே சேத்துக்கறேன்."

சவுரியப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு நாளாக அவன் பயந்துகொண்டிருந்த எல்லாவற்றுக்கும் மருந்து இந்த ஒரு வார்த்தையில் இருந்தது. தனக்கும் ஒரு வேலை, ஒரு மரியாதை, இனி மண்டிக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அவன் கண்ணில் இருந்த கெஞ்சல் அவளுக்குத் தெரிந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வைக்கு அவள் இல்லை என்று சொன்னதில்லை.

"அவரு வேணாங்க. கேட்டுக்கு நம்பிக்கையான ஆளாப் பாத்துப் போடுங்க" என்றாள் ராஜமேரி.

நஞ்சப்பன் ஹோவென்று சிரித்தார். புருஷனைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சவுரியப்பனின் தோளில் ஒரு தட்டு தட்டினார். சவுரியப்பனும் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"நெசமாத்தாங்க சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் சாவிக்குக் கையை நீட்டினாள்.