மூன்று ஷிஃப்ட் தண்ணீர்

சுகப்பிரியா அந்தத் தொட்டியைக் கம்பெனி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். தடித்த இலை, ஊதாப் பூ. புதுக் கட்டடத் திறப்பு விழா முடிந்ததும் எங்கள் ஒயரிங் லைனில் சிலரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு ஆர்க்கிட் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இல்லை. கொடுத்த எச்.ஆர். சசிகலா மேடம், “குழந்தை மாதிரி பார்த்துக்கோங்க” என்று மட்டும் சொன்னாராம். மறுநாளே கேண்டீனில் பேச்சு கிளம்பிவிட்டது: ஆண்டு விழாவுக்கு யார் செடி பூவோடு வருகிறதோ, அவர்களுக்குத்தான் பெர்மனென்ட்.

கிளப்பியவன் நாக்கு அழுகிப் போக! அவள் நம்பினாள். நானும்தான் நம்பினேன். கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு நம்புவதற்கு வேறு என்ன இருக்கிறது? தை மாதத்தோடு அவளுக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது. வேலை போனால் கோவில்பட்டிக்குத் திரும்பி, அவள் அப்பா பேசி வைத்திருக்கும் குடிகார அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் செத்துப்போகும்.

படப்பையில் எங்கள் அறைக்கு வீட்டுக்காரி கிளியம்மாள் பேச்சு கிளம்பிய அன்றைக்கே வந்து தொட்டியைக் கிளறிப் பார்த்தாள்.

“இன்னாமே இது? கரியும் மரப்பட்டையும் போட்டு உன்ன நல்லா ஏமாத்திக்கிறானுங்க. மண்ணு இல்லாம செடி பொயைக்குமா?”

கொல்லையிலிருந்து மண்ணும் அவளே கொண்டுவந்தாள். சுகப்பிரியா கரியையெல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டு, மண்ணைப் போட்டுக் கைமுட்டியால் இறுக்கினாள். ஜன்னல் ஓரத்தில் வைத்துக் கும்பிடாத குறைதான்.

அறையில் அவள், நான், எழிலரசி. மூன்று பேருக்கும் வேறு வேறு ஷிஃப்ட். ஒருத்தி தூங்கும்போது ஒருத்தி லைனில் நிற்பாள், இன்னொருத்தி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் துவைக்கவும் தூங்கவுமே சரியாகிவிடும். வேலை முடிந்து வந்ததும் நான் செடிக்கு ஒரு மக்கு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் படுப்பேன். அவள் அலுப்பில் மறந்திருப்பாள், வாடிவிடக் கூடாதே என்ற நினைப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூவெல்லாம் உதிர்ந்து கிடந்தது. இலை மஞ்சளாகித் தொங்கியது. நான் பதறிப்போய் மக்கை எடுத்தேன்.

“எதுக்குட்டி ஊத்துத? நாந்தான தெனமும் ஊத்துதேன்” என்றாள் சுகப்பிரியா.

“நீ ஊத்துதியா? நானும்லாட்டி ஊத்துதேன்!”

எழிலரசி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். “ஐயய்யோ, நானும்தாம்பா ஊத்திக்கினு இருந்தேன்.”

சுகப்பிரியா செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் கொழகொழவென்று கையோடு வந்தது. நாற்றம் தாங்கவில்லை. அவள் எழிலரசியைப் பார்க்கவே இல்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

“ஒனக்குச் செடி தரலன்னு வயித்தெரிச்சல். வேணும்னே ஊத்திக் கொன்னுட்ட, மாடத்தி.”

ஒரே தட்டில் சாப்பிட்டவள் சொன்னாள் இதை. இருந்தாலும் அவளுக்கு முன்னால் நிற்பது அந்தக் குடிகாரன் அல்லவா? திங்கட்கிழமை ஷிஃப்ட் ஏறுமுன் சசிகலா மேடத்திடம் போனேன்.

“மேடம், சுகப்பிரியா செடி செத்துப்போச்சு. தப்பு என்னோடது. வேணும்னா என்னை வேலையை விட்டு நிறுத்துங்க. அவ பேரை பெர்மனென்ட் லிஸ்ட்ல இருந்து எடுத்துராதீங்க.”

அவர் விழித்தார். “எந்தச் செடி?” கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்து சிரித்தார். “அட, அதுவா? ரிசப்ஷன் டெக்கரேஷன்ல மிச்சமானதும்மா. குப்பையில போடறதுக்குப் பதிலா எதிர்ல வந்தவங்களுக்குக் கொடுத்தோம். பெர்மனென்ட்டா? இந்த வருஷம் யாருக்குமே கிடையாதே.”

நான் நகரவில்லை. மண் போட்டதையும் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னேன்.

“ஆர்க்கிட்டுக்கு யாராவது மண்ணு போடுவாங்களா? கரி, மரப்பட்டை, அவ்வளவுதான். வேருக்குக் காத்து படணும். நல்லாக் காஞ்சப்புறம்தான் தண்ணி. தெனமும் ஊத்தினா அழுகிடும்.”

இதைக் கொடுத்த அன்றைக்கே சொல்லியிருந்தால் வாய் சுளுக்கிக்கொண்டிருக்குமா? குழந்தையாம், குழந்தை!

அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுகப்பிரியா காலி தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கேட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

“பொய் சொல்லுத. செடி பொழச்சிருந்தா எனக்கு வேல கெடச்சிருக்கும்.”

“ஏட்டி, யாருக்குமே கெடையாதாம்ட்டி!”

“கெடச்சிருக்கும்” என்று கத்தினாள். “நீ ஊத்தலன்னா எனக்குக் கெடச்சிருக்கும்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிடைப்பதற்கு வேலையே இருந்ததில்லை என்பதை அவளால் தாங்க முடியாது. நான் கெடுத்தேன் என்றால் தாங்கிக்கொள்வாள்.

“ஆமாட்டி, நாந்தான் கொன்னேன்” என்றேன். அவள் தொட்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். என்னைத் தொடவிடவில்லை.

தை மாதம் ஊருக்குப் போகும்போது எழிலரசியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள். அவள் கல்யாணப் பத்திரிகை எழிலரசியின் வாட்ஸ்அப்புக்குத்தான் வந்தது. எனக்கு வரவில்லை.