பத்துப் பேர் போதும்

வெர்லீன் பத்தீஸ்ட் வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது, ஹாலிஸ் ஃபோரே பின்முற்றத்தில் நண்டுக்கூண்டுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வெள்ளைக்காரர். யாரோ கறுப்பினப் பெண்மணி வழி கேட்க வந்திருக்கிறாள் என்று நினைத்துச் சாலைப் பக்கம் கைகாட்டினார்.

"வழி கேக்க வரல மிஸ்டர் ஹாலிஸ். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி, கோர்ட்டுல ஒரே ரூம்ல உட்கார்ந்திருந்தோம். நீங்கதான் ஜூரித் தலைவர்."

அவர் குழாயை மூடினார். கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"அட, அந்த 'முடியாது' அம்மாவா! உங்களால அன்னிக்கு என் சாப்பாடே ஆறிப்போச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். வெர்லீனுக்கும் பாதிச் சிரிப்பு வந்தது, பிறகு நின்றுவிட்டது. அந்த அறை அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. கூண்டில் நின்ற டெல்வினுக்குப் பத்தொன்பது வயது. மழையில், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்த ஒரே ஒரு சாட்சி. அந்தத் தூரத்தில், அந்த மழையில் முகம் எப்படித் தெரிந்திருக்கும் என்று அவளும் ஜூரியில் இருந்த ஒரு பள்ளி ஆசிரியரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். லூசியானா மாநிலத்தில் அப்போது பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் 'குற்றவாளி' என்று சொன்னால் போதும். பத்தாவது கை உயர்ந்ததும் நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஹாலிஸ் ஃபோரே தொப்பியை எடுத்துக்கொண்டு, "நீங்க சிரமப்பட வேண்டாம்மா, எண்ணிக்கை வந்துடுச்சு" என்றார். டெல்வினுக்கு வெளியே வரவே முடியாத ஆயுள் தண்டனை.

பின்னாளில் சட்டத்தை மாற்றினார்கள். இப்போது பன்னிரண்டு பேரும் ஒரே சொல் சொல்ல வேண்டும். ஆனால் ஏற்கெனவே உள்ளே போனவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கும் மறுவிசாரணை கேட்கும் மசோதாவுக்காக, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற வெர்லீன், பழைய ஜூரிகளைத் தேடி ஆறு மாதமாக அலைகிறாள். அந்த ஆசிரியர் உட்பட ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். நான்கு பேர் கதவைத் திறக்கவில்லை. ஒருவர் இருக்கும் இடமே தெரியவில்லை.

மசோதாவுக்கு ஆதரவாக அவள் நீட்டிய காகிதத்தை ஹாலிஸ் வாங்கிக் கூண்டின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் நினைத்து வரவில்லை.

"அந்தப் பையன் பேரு என்ன?"

"டெல்வின்."

"முகமே ஞாபகம் வரல."

"தப்பு பண்ணிட்டோம்னு தோணுதா உங்களுக்கு?"

"இதுல தோண என்னம்மா இருக்கு? பத்து போதும்னு ஜட்ஜ் சொன்னாரு. ஒம்போதுன்னு சொல்லியிருந்தா இன்னும் சீக்கிரமா வீட்டுக்குப் போயிருப்போம்."

அவர் மறுபடி குழாயைத் திறந்தார். அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு காருக்கு நடந்தாள்.

மாநிலத் தலைநகரில் சட்டமன்றக் குழுவின் முன்னால் அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். யாரும் குறுக்கிடவில்லை. மழையை, தூரத்தை, தள்ளப்பட்ட நாற்காலிகளை, ஹாலிஸ் சொன்னதை, எல்லாவற்றையும் முழுதாகச் சொல்லி முடித்தாள். அடுத்து, கொலையுண்ட கடைக்காரரின் தங்கை எழுந்தாள்.

"எங்க அண்ணனோட ரத்தச் சட்டையை நான் ஒரு தடவ பார்த்துட்டேன். மறுபடி கோர்ட்டுல அதை விரிச்சுக் காட்டுவீங்களா? என்னால முடியாதுங்க."

வெர்லீன் தலை குனிந்தாள். அந்தப் பெண் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பெயர்களை அழைத்து வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்று ஏழு பேர், வேண்டும் என்று நான்கு பேர். குழுத் தலைவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி அடுத்த மசோதாவின் எண்ணை வாசித்தார். அது மீன்பிடி உரிமம் பற்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிறைக்குப் போனாள். டெல்வினுக்கு இப்போது நாற்பத்தைந்து. பார்வையாளர் கூடத்து மேசையில் கைகளை விரித்து வைத்துக்கொண்டு, நடந்ததை அவள் சொல்லக் கேட்டான். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவளை முடிக்க விட்டான்.

"அந்த ஜூரித் தலைவர் கையெழுத்துப் போட்டாரா மிஸ் வெர்லீன்?"

"போட்டாரு."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"உன் பேரைக் கேட்டாரு."

அவன் தலையசைத்தான். அதை ஒரு நல்ல செய்தி போலவே வாங்கிக்கொண்டான். அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அடுத்த வருஷம் மறுபடி கொண்டு வருவாங்களா?"

மசோதாவைக் கொண்டுவந்த சட்டமன்ற உறுப்பினர் இனித் தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"வருவாங்கப்பா," என்றாள்.

"நீங்க முட்டிக்கு வைத்தியம் பாருங்க முதல்ல," என்றான் அவன். "நொண்டுறீங்க."

திரும்பும்போது, பார்வையாளர்களை வெளிவாசலில் கொண்டுவிடும் சிறைப் பேருந்து வயல்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்தது. வெண்டை வரிசைகளில் வெள்ளைச் சட்டை போட்ட கைதிகள் குனிந்து களை கொத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நிமிர்ந்து, புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேருந்தைப் பார்த்தான். வரப்பில் குதிரை மேல் இருந்த காவலர் கடிவாளத்தை லேசாக இழுத்தார். குதிரை தலையைத் திருப்பியது. அவன் மறுபடி குனிந்தான். வெயிலில் எல்லா முதுகுகளும் ஒன்றுபோலவே இருந்தன.