உள்ளங்கை அகலத் தகரம்

எனக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டேன். அப்ளிகேஷன் எழுதுவேன்.

முப்பத்தாறு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன தெரியும்? மாடி வீட்டுக் குழாய் ஒழுகினால் சொசைட்டிக்கு மனு. பால்காரன் ஒரு நாள் வராவிட்டால் அவனுக்கும் கடுதாசி. தேதி போட்டு, நகல் எடுத்து, ஃபைலில் கோத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்தில் பதினெட்டுக் குடித்தனம். பதினெட்டுக்கும் ஃபாரம் நிரப்பித் தருவது அடியேன்தான். கிட்டு மாமா கைபட்டால் அடித்தல் திருத்தல் இருக்காது என்பார்கள். தேதிகளும் எனக்கு மறக்காது. என் மனைவி பாகீரதி முதல் தடவை என்னோடு சண்டை போட்ட தேதியைக் கேளுங்கள், கிழமையோடு சொல்வேன். அவளுக்கு அதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

என் பெண் சாதனா 2012-இல் புனேயில் கூட வேலை பார்த்த ஒரு மராட்டிப் பையனைப் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். எங்களைக் கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். பிப்ரவரி இருபத்துநாலு, வெள்ளிக்கிழமை. பாகீரதி அழுதாள். நான் அழவில்லை, கத்தவில்லை. பேனாவைத் தேடினேன்.

கட்டிடத்தின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு என் ஃபியட் நின்றுகொண்டிருந்தது. 1979 மாடல், பாலேட்டு நிறம். நாலு வருஷமாக ஓடாமல் கிடந்தாலும் பேப்பரெல்லாம் சுத்தம். சாதனா வண்டி ஓட்டக் கற்றதே அதில்தான், ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவைச் சுற்றிச் சுற்றி. பத்து வயசிலேயே ஸ்பானரை எடுத்துக்கொண்டு என் பின்னால் வருவாள். "இது உனக்குத்தான்டி" என்று அவள் பதினெட்டாவது பிறந்த நாளில் எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஆர்.டி.ஓ.வுக்கு ஃபாரம் நிரப்பினேன். வண்டியைப் பிரித்துக் கபாடியில், அதாவது பழைய இரும்புக் கடையில், போட்டாயிற்று, பதிவை ரத்து செய்யவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆர்.சி. புத்தகத்தை இணைத்தேன். அதற்கென்று இருக்கிற ஏஜென்ட் ஒருவன் கட்டரோடு வந்து, பானெட்டுக்குள் சேஸிஸ் நம்பர் குத்தியிருந்த இடத்தை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போனான். அதைக் கொடுத்தால்தான் ரத்து செய்வார்கள்.

மறுநாள் கபாடிக்காரன் வந்தபோது எனக்கு மனசு வரவில்லை. அவனைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தார்ப்பாயை இழுத்து மூடினேன். ஆக, காகிதத்தில் செத்த வண்டி கட்டிடத்தின் பின்பக்கம் நின்றது.

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னா" என்றாள் பாகீரதி. அன்றைக்கு அவளோடும் நான் பேசவில்லை.

பத்து வருஷம் போயிற்று. தீபாவளிக்குத் தீபாவளி அம்மாவுக்கு மட்டும் போன் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருப்பேன். 2022-இல் அந்தக் கல்யாணம் முறிந்து, சாதனா மும்பைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு செம்பூரில் வாடகைக்கு வந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. மாசம் ஒரு தடவை வருவாள். "சாப்டியா?" "ம்." "டிரெயின்ல கூட்டமா?" "ம்." பிறகு மூன்று பேரும் டி.வி.யைப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினவள் பின்பக்கமாகப் போயிருக்கிறாள். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்து அங்கிருந்தே கத்தினாள்.

"அரே! அப்பா, இது இன்னும் இருக்கா! எனக்காகவா வச்சிண்டிருக்கேள்?"

நான் கீழே போனேன். அவள் மட்கார்டைக் கட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்தாறு வயசு, தலையில் ரெண்டு நரை, மூக்கு நுனியில் தூசி.

"நம்ம ரெண்டு பேருமா சரி பண்ணலாமாப்பா? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். ஆனால் ஞாயிறுதோறும் வருகிறேன் என்கிறாளே பாவி! பத்து வருஷமாக வராதவள். என் வாய் என்னைக் கேட்காமலே, "பண்ணலாமே, பேஷா பண்ணலாம்" என்றது.

தாராவியில் பட்டறை வைத்திருக்கும் ஷாகுல் ஹமீதை அழைத்து வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், பழைய ஃபியட் டாக்ஸிகளோடு முப்பது வருஷம் புரண்டவர். பானெட்டைத் தூக்கிக் குனிந்தவர் அப்படியே நின்றார். சாதனா பெட்ரோல் டாங்க் பக்கம் இருந்தாள்.

"சார், இது துரு தின்ன ஓட்டை இல்லையே. கட்டர் வச்சுல்லா வெட்டிருக்காவ" என்றார் தாழ்ந்த குரலில்.

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி விழித்தேன். சாதனாவைக் கண்ணால் காட்டி, கையைக் கூப்பினேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குத் தெரியாதோ?"

"தெரியாது."

"நம்பர் இல்லாத வண்டியை ரோட்டுல விட்டா திருட்டு வண்டின்னு புடிச்சிருவாவ சார். எவ்வளவு சரி பண்ணியும் புண்ணியம் கெடையாது."

"ஓடற வரைக்கும் வரட்டுமே ஷாகுல் பாய். பாக்கியை நான் பாத்துக்கறேன்" என்றேன். என்ன பார்த்துக்கொள்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். ஒரு ஞாயிறு தவறவில்லை. காலையில் இட்லிக்கு வந்து, சாயங்காலம் கை முழுக்கக் கிரீஸோடு காபி குடித்துவிட்டுப் போவாள். பாகீரதிக்கு வெள்ளிக்கிழமையே பரபரப்பு ஆரம்பித்துவிடும். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் ஊறப்போட்டோம். பிரேக் சிலிண்டருக்காகக் குர்லா கபாடி பஜாரில் நாலு வாரம் அலைந்தோம். அவள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பாள். நான் முக்காலியில் உட்கார்ந்து கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பேன். கால் மட்டும்தான் தெரியும். அப்படிப் படுத்திருக்கும்போதுதான் பேசுவாள்.

"பதினாலாம் நம்பர் குடுங்கோ. முதல் நாலு வருஷம் நல்லாத்தான்ப்பா இருந்தது."

"ம்."

"அப்புறம் அவன் வீட்டுல யாரும் என்னோட பேசறதில்லை. அவனும். பேசாமலே இருந்தா வீடு எப்படி இருக்கும் தெரியுமோ? உங்களுக்குத் தெரியும். பன்னெண்டு குடுங்கோ."

பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைப் பார்த்துப் பேச எங்கள் இருவருக்கும் வரவில்லை. நடுவில் ஒரு வண்டி இருந்தால் வந்தது. அதை எப்படி விடுவேன், சொல்லுங்கள்!

போன மார்கழியில் ஒரு நாள் வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். ஷாகுல் ஹமீதின் மெஷினை வாங்கிக்கொண்டாள்.

"பானெட்டுக்குள்ள அந்தத் துரு ஓட்டையை இன்னிக்கு அடைச்சுடறேன்."

உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் வெட்டி, ஓரத்தை ராவி, வைத்து ஒட்டினாள். கோணல்மாணலாகத்தான் வந்தது. மேலே பெயின்ட் அடித்து, ஊதி ஊதிக் காயவைத்தாள். "எப்படி?" என்று என்னைக் கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். அவளே சோற்றை அள்ளி மூடுகிறாள். ஷாகுல் ஹமீது பீடி பற்றவைக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார்.

"பிரமாதம்டி கொழந்தே" என்றேன்.

அன்று பாகீரதி என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, இது பாவம். சொல்லிடுங்கோ. இல்லைன்னா நான் சொல்லிடுவேன்." ஆனால் அவளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கு அவியலுக்குக் காய் வாங்கி வைத்தாள்.

இந்த வருஷம் கட்டிடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. மாசக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும், வண்டிகளும் போயாக வேண்டும். எங்களுக்கு வடாலாவில் தாற்காலிகமாக ஒரு ஃபிளாட். வண்டி நிறுத்த இடம் கிடையாது. சாதனா அதைக் கேட்டுச் சிரித்தாள். ஃபியட்டுக்காகவே பார்க்கிங் உள்ள வேறு வீடாகச் செம்பூரில் பார்த்து ஏற்கெனவே மாறியிருந்தாள். "ஆர்.சி.யை எடுத்து வைங்கோப்பா, இன்ஷூரன்ஸ் போடணும்" என்றாள். மூன்று வாரம் "தேடறேன்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவளுக்குத் தெரியாமல் ஆர்.டி.ஓ.வுக்குப் போனேன். வாழ்நாளில் முதல் தடவையாக மனு இல்லாமல், வெறும் கையோடு, கெஞ்சுவதற்காகப் போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் சாதனாவைவிடச் சின்னவள். பொறுமையாகப் பழைய ஃபைலைத் தேடி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"காகா, இந்த வண்டி இல்லவே இல்லை. பிரிச்சாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?" என்று இந்தியில் கேட்டாள்.

என் கையெழுத்துதான். ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"இவ்வளவு சுத்தமா நிரப்பின ஃபாரம் நான் பார்த்ததே இல்லை" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

கடைசி ஞாயிறும் வந்தது. சாதனா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, மல்லிகைச் சரம் வாங்கி வந்து முன்கண்ணாடிக்கு மேல் சுற்றினாள். பாகீரதி நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டினாள்; என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சாவியைத் திருப்பியதும் ஒரே இழுப்பில் என்ஜின் பிடித்துக்கொண்டது. மாடிகளிலிருந்து கை தட்டினார்கள். வாட்ச்மேன் கேட்டைத் திறந்தான்.

"ஏறுங்கோப்பா. செம்பூர் வரைக்கும் நீங்கதான் பக்கத்து சீட்."

ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன். இதற்குமேல் தள்ளிப்போட எனக்கு இடமில்லை.

"என்ஜினை ஆஃப் பண்ணு சாதனா."

"ஏன்ப்பா? இப்பத்தானே சூடாயிருக்கு."

"இது வெளில போகக் கூடாதுடி. இதுக்கு ஆர்.சி. இல்லை. பிரிச்சுப் போட்டாச்சுன்னு எழுதிக் குடுத்து நான் கேன்சல் பண்ணிட்டேன். நீ தகரம் வச்சு ஒட்டினியே, அது துரு இல்லை. நம்பரை வெட்டி எடுத்த இடம்."

முதலில் சிரித்தாள். பிறகு ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்தாள். பாகீரதி தலையைக் குனிந்துகொண்டாள். சாதனா என்ஜினை நிறுத்தினாள்.

"ரெண்டு வருஷம்ப்பா. எத்தனை ஞாயித்துக்கிழமை! ஒண்ணுலயாவது சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ வரமாட்டேன்னு பயந்தேன்டி. வேற ஒண்ணும் இல்லை. பயந்தேன்."

அவள் கண் கலங்கிற்று. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து என் கைமேல் வைத்தாள். அத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"போறது, விடுங்கோ. ஏதாவது வழி இருக்கும். நான் போய்ப் பேசறேன்."

"நான் போய்ப் பாத்துட்டேன். வழி இல்லை."

அவள் தலையாட்டினாள். மல்லிகைச் சரத்தைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள், "எப்போ கேன்சல் பண்ணினேள்?"

"அது ஆச்சு, பழைய கதை."

"எந்தத் தேதிப்பா?"

2012, பிப்ரவரி இருபத்தேழு, திங்கட்கிழமை. காலை பதினொன்றே கால். டோக்கன் நம்பர் நாற்பத்துமூன்று. எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அவள் கல்யாணம் ஆன மூன்றாம் நாள். நடுவில் சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு.

"ஞாபகம் இல்லைம்மா" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்களுக்கா?"

என் கைமேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். இறங்கி, சாவியை அம்மா கையில் கொடுத்தாள். "வரேன்மா" என்றாள், அவளிடம் மட்டும். திறந்திருந்த கேட் வழியாக நடந்து போனாள். வாட்ச்மேன் கேட்டை மூடட்டுமா என்று என்னைக் கேட்டான்.

புதன்கிழமை கபாடி லாரி வந்தது. ஃபியட்டைச் சங்கிலி போட்டுப் பின்பக்கமாக இழுத்தார்கள். எலுமிச்சம்பழங்களை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை, அப்போதுதான் நசுங்கின. ஷாகுல் ஹமீது சொல்லாமலே வந்து என் பக்கத்தில் நின்றார். புதுசாகப் போட்ட பேட்டரியை மட்டும் கழற்றி என் காலடியில் வைத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த பொய் அன்றைக்கு உண்மையாயிற்று.

சாயங்காலம் சாதனாவுக்கு நானே போன் பண்ணினேன்.

"வண்டி போயிடுத்தும்மா."

"ம். அம்மா சொன்னா."

"பேட்டரியை எடுத்து வச்சிருக்கேன். புதுசு."

"எனக்கு எதுக்குப்பா பேட்டரி?"

பின்னால் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்டது. அவள் வைத்துவிடப் போகிறாள் என்று தோன்றியதும் அவசரமாகக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வரியாம்மா?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பழக்கம். யோசித்துவிட்டு, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"வந்து என்னப்பா பண்றது?"

போனில் டிரெயின் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.